உறைபனியில் ஓடிய வீரர்

பனி என்னும் சொல் தமிழர்க்குப் பழையது. ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டனர். ஆயினும் அப்பனி, புல் நுனியில் முத்துப்போல் நின்று, கதிரவன் சற்றே மேலெழுந்ததும் மறைந்துவிடும் நீர்த்துளியே ஆகும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வாழ்வோர் மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குச் செல்வர். தைத் திங்களில் நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும்போது, விடியற்காலைச் செம்மண்ணின் குளிர்ச்சி அவர்களுடைய வெறுங்கால்களில் உறைக்கும். செட்டிநாட்டின் குளிர் அவ்வளவே. குளத்து நீர் கல்லாக இறுகுவதையும், வானிலிருந்து வெண்பஞ்சு போல் விழும் உறைபனி முழங்காலளவு குவிந்து வழிகளை மறைப்பதையும் இங்குள்ளோர் படங்களிலன்றிக் காண்பதில்லை.

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் குளிர்காலம் அத்தகையது. அந்நாடுகளில் கிராஸ் கண்ட்ரி என்று வழங்கும் ஓட்டம் ஒன்று உண்டு. செப்பனிட்ட வட்டப் பாதையை விட்டு, காடு, வயல், மேடு, பள்ளம், சேறு ஆகியவற்றின் ஊடே பல கல் தொலைவு ஓடுவது அது. கோடையில் வட்டப் பாதையில் போட்டியிடுவோர் சிலர் குளிர்காலத்தில் இவ்வோட்டத்தை மேற்கொள்வர். எனினும் முற்காலத்தில் ஓட்டக்காரருட் பலர் பனி விழத் தொடங்கியதும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, இளவேனில் வந்த பின்னரே மீண்டும் காலணி பூண்டனர். அவ்வாறு ஓய்ந்திராமல், உறைபனியையே தம் பயிற்சிக் களமாக்கிக்கொண்டு, உலகம் வியக்கும் வெற்றிகளைப் பெற்றவர் எமில் ஜாட்டோபெக் என்னும் செக் நாட்டு வீரர்.

எமில் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் மொராவியாப் பகுதியிலுள்ள கோப்ரிவ்நித்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அது செக்கோஸ்லோவாகியா என்னும் நாட்டைச் சேர்ந்திருந்தது. தந்தையார் தச்சுத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. ஆதலால் எமில் உயர்கல்வியை நாட இயலாமல், இளமையிலேயே ஸ்லின் நகரத்திலிருந்த பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பாட்டா என்னும் பெயர் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் நன்கு அறியப்பட்டதே. கல்கத்தாவிற்கு அருகில் பாட்டாநகர் என்றோர் ஊரே அதன் பெயரால் எழுந்தது. உலகெங்கும் நடப்போர்க்குக் காலணி செய்த அத்தொழிற்சாலையில், பின்னாளில் உலகிலேயே சிறந்த ஓட்டக்காரராகப் போகும் இளைஞர் ஒருவர் வேலை செய்ததைப் பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அவ்விளைஞருக்கு ஓட்டத்தில் சிறிதும் விருப்பம் இருந்ததில்லை. 1941-ஆம் ஆண்டில் தொழிற்சாலையின் சார்பில் ஸ்லின் நகர வீதிகளில் ஓட்டப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. விளையாட்டுப் பயிற்சியாளர் இளைஞர் நால்வரைச் சுட்டி, அவர்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்நால்வருள் எமிலும் ஒருவர். தம் உடம்பு வலுவற்றது, தாம் ஓடத் தகுதியற்றவர் என்று எமில் மறுத்துப் பார்த்தார். பயிற்சியாளர் அவரை மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவரோ அவருடைய உடம்பில் குறையொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு வழியின்றி எமில் ஓடினார். ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடம் கிட்டியது. விரும்பாமல் தொடங்கிய ஓட்டம் அன்று முதல் அவரைப் பற்றிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், 1944-இல், தம் நாட்டின் 2000, 3000, 5000 மீட்டர் ஓட்டச் சாதனைகளை எல்லாம் அவர் முறியடித்துவிட்டார்.

அக்காலத்தில் அந்நாடு செர்மானியரின் பிடியில் இருந்தது. 1945-இல் போர் முடிந்ததும் எமில் படையிற் சேர்ந்தார். ஹிரானித்சே என்னும் ஊரிலிருந்த படைத்துறைக் கல்விக் கழகத்தில் பயின்றார். பகல் முழுதும் அணிவகுப்பும் பாடமும் இருந்தமையால், பயிற்சிக்கென அவருக்குக் கிடைத்தவை மாலைப்பொழுதும் இரவுமே. குளிர்காலத்திலோ அந்நாடுகளில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். ஓடுபாதை பனியின் கீழ்ப் புதைந்து கிடக்கும். பிறர் கணப்பருகே கைகளைக் காய்ச்சிக்கொண்டு அமர்ந்திருக்க, எமில் படைவீரர்க்குரிய கனத்த பூட்சுகளை அணிந்து, கையில் மின்விளக்கொன்றை ஏந்தி, காட்டுக்குள் ஓடினார்.

இப்பயிற்சியின் நுட்பத்தைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். உறைபனியில் ஓடுவது ஈர மணலில் ஓடுவதை ஒக்கும். அதனினும் கடினம் என்பதே உண்மை. ஒவ்வோர் அடியிலும் கால் புதையும். புதைந்த காலை வெளியே எடுக்க முழங்காலை உயரத் தூக்க வேண்டும். பனிக்கடியில் மரவேர் இருப்பதும் குழி இருப்பதும் கண்ணுக்குத் தெரியா. மெல்லிய ஓட்டக் காலணியோடு சென்றால் கணுக்கால் பிசகிவிடும். பூட்சு கணுக்காலை இறுகப் பற்றிக் காத்தது. அதன் கனமோ காலுக்கு மேலும் வலுவைத் தந்தது. குளிர்காலம் முழுதும் கனத்த பூட்சு அணிந்து ஓடியவர், இளவேனிலில் அதைக் கழற்றிவிட்டு இலேசான காலணி பூண்டு வட்டப் பாதையில் இறங்கும்போது, காலில் ஏதும் இல்லாதது போன்ற எளிமை தோன்றும் அன்றோ? எமில் கருதியதும் அதுவே. பந்தய நாளில் எளிதாக இருக்க வேண்டுமானால் பயிற்சி நாளில் கடினமாக இருக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

ஓடும் முறையிலும் அவர் புதுவழி கண்டார். நெடுந்தொலைவு ஓடுவோர் நெடுந்தொலைவையே ஒரு சீராக ஓடிப் பழகுவது அக்கால வழக்கம். எமிலோ 400 மீட்டர் தொலைவை மிக விரைவாக ஓடுவார். பின்பு 200 மீட்டர் மெல்ல ஓடி மூச்சைச் சீராக்கிக்கொள்வார். மீண்டும் 400 மீட்டர் விரைவார். இவ்வாறு ஒரே நாளில் இருபது முறை, நாற்பது முறை, அறுபது முறை என்று எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே சென்றார். பின்னாளில் சில காலம் நாளொன்றுக்கு நூறு முறையும் ஓடினார். நூறு முறை என்றால் விரைந்தோடிய தொலைவு மட்டும் 40 கிலோமீட்டர் ஆகிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே. அவ்வளவு தொலைவையும் பேருந்தில் கடப்பதே நமக்கு அலுப்பாக இருக்கிறது! இது குறுந்தொலைவு ஓடுவோரின் பயிற்சி, நெடுந்தொலைவுக்கு உதவாது என்று அறிந்தோர் எச்சரித்தனர். மெல்ல ஓடுவது எப்படி என்பது தமக்கு முன்பே தெரியும், விரைந்தோடுவதையே கற்க வேண்டியிருக்கிறது என்பது எமிலின் எண்ணம். இன்று உலகெங்கும் ஓட்டக்காரர் மேற்கொள்ளும் இடைவெளிப் பயிற்சி என்னும் முறை அவருக்கு முன்பே சிலரால் தொடங்கப்பட்டிருப்பினும், அதை இத்துணை கடுமையாக மேற்கொண்டு உலகறியச் செய்தவர் அவரே.

வெளியே செல்ல இயலாத நாள்களிலும் அவர் கால்கள் ஓய்ந்ததில்லை. குளியல் தொட்டியில் அழுக்குத் துணிகளை நீரில் ஊறவைத்து, அவற்றின்மேல் நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடுவாராம். துணியும் வெளுத்தது, பயிற்சியும் நடந்தது. இதைக் கேட்டோர் நகைத்தனர். எமிலும் உடன் சேர்ந்து நகைத்தார்.

அவர் ஓடும் தோற்றமும் நகைப்பிற்கு இடமாயிற்று. தலை ஒரு பக்கம் சாயும், நாக்கு வெளியே தொங்கும், முகம் பெருநோயால் துன்புறுவோர் முகம்போற் கோணும், மூச்சு இரைக்கும். அடுத்த அடியில் வீழ்ந்துவிடுவார் என்றே புதிதாய்க் காண்போர் அஞ்சுவர். ஆனால் இடுப்பிற்குக் கீழே அவர் கால்கள் பொறிபோல் சீராக இயங்கிக்கொண்டிருக்கும். அதனாலேயே அவருக்கு இரயில் எஞ்சின் என்னும் பட்டப்பெயர் வாய்த்தது. 1946-இல் பெர்லின் நகரில் நேசநாட்டுப் படைவீரர்க்கிடையே விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. பெரிய நாடுகளின் வீரர்கள் அணி அணியாகச் சென்றனர். செக்கோஸ்லோவாகியா என்று எழுதிய பலகையின் பின்னே எமில் ஒருவரே நடந்தார். கூட்டத்தினர் சிரித்தனர். 5000 மீட்டர் ஓட்டம் முடிந்தபோது அச்சிரிப்பு ஆரவாரமாக மாறியது. எதிர்த்து ஓடியவர்களுட் பெரும்பாலோரை அவர் ஒரு சுற்று முந்தியிருந்தார்.

1948-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் தம் நண்பரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். குறித்த வேகம் குறையாதிருப்பின் நண்பர் வெள்ளைச் சட்டையைக் காட்ட வேண்டும். குறைந்துவிட்டால் சிவப்புச் சட்டையைக் காட்ட வேண்டும். சில சுற்றுகள் வரையில் வெள்ளை தெரிந்தது. பின்னர்ச் சிவப்புத் தோன்றியது. அக்கணமே எமில் பாய்ந்தார். உலக சாதனை வீரராக விளங்கிய பின்லாந்து நாட்டு ஹைனோ என்பவர் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க மாட்டாமல் இடையிலேயே விலகினார். எமில் 29 நிமிடம் 59.6 விநாடியில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாவதாக வந்த அலேன் மிமூன் என்னும் பிரான்சு வீரர் ஏறத்தாழ 48 விநாடிகள் பின்தங்கியிருந்தார். சில நாள் கழித்து, மழையில் நனைந்து சேறான பாதையில் 5000 மீட்டர் ஓட்டம் நடந்தது. அதில் எமில் கடைசிச் சுற்றிலேதான் விழித்துக்கொண்டவர்போல் விரைந்து, ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் பெல்ஜிய நாட்டு ரைப் என்பவரிடம் தோற்றார்.

அவ்வாண்டிலேயே டானா என்னும் மங்கையை எமில் மணந்தார். அவர் ஈட்டி எறிதலில் வல்லவர். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே திங்களில், ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது விந்தை. 1951-இல் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடி, ஒரு மணியில் 20 கிலோமீட்டரைக் கடந்த முதல் மனிதர் என்னும் புகழை எமில் எய்தினார்.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளுக்குப் புறப்படும் வேளையில், அவருடைய ஓட்டத்தினும் அவருடைய உள்ளத்தை மிகுதியாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. யுங்விர்த் என்னும் இளம் ஓட்டக்காரரின் தந்தையார் அரசியற் காரணத்தால் சிறையில் இருந்தார். ஆதலால் யுங்விர்த்தை அயல்நாட்டிற்கு அனுப்ப அரசு மறுத்துவிட்டது. அவர் செல்லாவிடில் தாமும் செல்வதில்லை என்று எமில் உறுதியாகக் கூறினார். விமானம் அவ்விருவரும் இன்றியே பறந்தது. அக்காலத்து அந்நாட்டில் அரசை எதிர்த்து நிற்பது விளையாட்டன்று. பதவியும் விடுதலையும் ஒருங்கே போகக்கூடும். பல ஆண்டுகளாகப் பனியில் உழைத்துத் தேடிய வாய்ப்பையும் எமில் பணயம் வைத்தார். முடிவில் அரசு இணங்கியது. இருவரும் சில நாள் தாழ்த்து ஹெல்சிங்கி சேர்ந்தனர்.

ஆங்கு நிகழ்ந்ததை உலகம் இன்றளவும் மறக்கவில்லை. ஜூலை 20-ஆம் நாள் 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் தங்கம் வென்றார். 24-ஆம் நாள் 5000 மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் நான்காம் இடத்திலிருந்து முன்னே பாய்ந்து மீண்டும் தங்கம் வென்றார். அன்றே டானாவும் ஈட்டி எறிதலில் தங்கம் பெற்றார். இவ்வளவில் நில்லாமல், தாம் அதுவரை ஒருமுறையும் ஓடியறியாத மராத்தான் ஓட்டத்திலும் எமில் பெயர் கொடுத்தார். 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை எவ்வேகத்தில் ஓடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனவே அத்துறையில் தலைசிறந்தவராயிருந்த ஜிம் பீட்டர்ஸ் என்னும் ஆங்கிலேயரை அடுத்தே ஓடினார். வழியில் அவரிடமே சென்று, இவ்வேகம் சரிதானா என்று பணிவோடு வினவினார். எமிலைக் களைப்படையச் செய்யக் கருதிய பீட்டர்ஸ், வேகம் போதாது என்று விடை கூறினார். எமில் அதை மெய்யென்று நம்பி மேலும் விரைந்தார். பீட்டர்ஸோ தசைப்பிடிப்பால் இடையிலே ஓய்ந்தார். 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில் எமில் அரங்கினுள் தனியே நுழைந்தபோது, கூடியிருந்தோர் அனைவரும் அவர் பெயரை முழங்கினர். 5000, 10,000, மராத்தான் ஆகிய மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவரையன்றி இன்றுவரை ஒருவரும் இலர். உறைபனி மிகுந்த பின்லாந்து நாட்டில், உறைபனியில் பழகிய வீரர்க்கு அவ்வெற்றி கிட்டியது.

1954-இல் 10,000 மீட்டரை 29 நிமிடத்திற்குள் ஓடிய முதல் வீரரானார். 1956-இல் மெல்போர்ன் நகரில், குடலிறக்கத்திற்கு அறுவை மருத்துவம் செய்துகொண்ட சில வாரங்களில் மராத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். அவ்வோட்டத்தில் வென்றவர், பலமுறை அவருக்குப் பின்னே இரண்டாவதாக வந்த மிமூன். களைத்து வந்த எமில் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் செலுத்தித் தழுவிக்கொண்டார்.

எமிலின் கடைசிப் பந்தயம் வட்டப் பாதையில் நிகழவில்லை. 1958-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஸ்பெயின் நாட்டின் சான் செபாஸ்தியான் நகருக்கு அருகில் நடந்த கிராஸ் கண்ட்ரி ஓட்டம் அது. முப்பத்தைந்து வயது நிரம்பிய எமில் அக்குளிர்கால ஓட்டத்திலும் முதல்வராக வந்தார். ஆங்கு அவருக்கு நாய்க்குட்டி ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதற்குப் பெட்ரோ எனப் பெயரிட்டு வீட்டிற்குக் கொண்டுவந்தார்.

ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் உலக சாதனைகள் பல நிகழ்த்தியவர். ஆயினும் ஒலிம்பிக் தங்கம் அவருக்கு வாய்க்கவில்லை. 1966-இல் அவர் பிராக் நகருக்கு வந்து எமிலின் விருந்தினராகத் தங்கினார். விடைபெறும் வேளையில் எமில் சிறு பொட்டலம் ஒன்றைக் கிளார்க்கின் கையில் வைத்து அனுப்பினார். நாட்டைவிட்டு இரகசியமாக வெளியே அனுப்ப வேண்டிய பொருள் ஏதோ என்று ஐயுற்ற கிளார்க், விமானம் புறப்பட்ட பின்னரே தனியிடத்தில் அதைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஹெல்சிங்கியில் எமில் 10,000 மீட்டர் ஓட்டத்திற்குப் பெற்ற தங்கப் பதக்கம். கிளார்க் கண்ணீர் வடித்தார். பொருளை ஈவோர் உலகில் பலர் உளர். இளமையெல்லாம் செலவிட்டுப் பெற்ற புகழின் அடையாளத்தை, அதற்குத் தகுதியுடையவர் இவரும் என்று எண்ணி ஈந்தவர் வேறு எவர்?

1968-இல் செக்கோஸ்லோவாகியாவில் மக்கள் உரிமைக் குரல் எழுப்பினர். எமில் அவர்கள் பக்கம் நின்றார். ஆகஸ்டு 21-ஆம் நாள் சோவியத்து ஒன்றியத்தின் தலைமையில் அயல்நாட்டுப் படைகள் நாட்டினுள் புகுந்தபோது, பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் மக்களிடையே நின்று அதைக் கண்டித்துப் பேசினார். அதற்குரிய விலையை அவர் கொடுக்க நேர்ந்தது. கர்னல் பதவியிலிருந்த அவரைப் படையிலிருந்து நீக்கினர், கட்சியிலிருந்தும் விலக்கினர். நிலத்தைத் துளையிட்டு ஆராயும் குழுவொன்றில் கூலிவேலையே அவருக்குக் கிடைத்தது. வீட்டையும் டானாவையும் விட்டுப் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று, சக்கரம் பூட்டிய கூடார வண்டியில் தங்கி, ஐம்பது வயதை எட்டும் நிலையில் மீண்டும் உறைபனிக்கும் காற்றுக்கும் இடையே உழைத்தார். அழுத்தம் மிகுந்தபோது, 1971-இல், தாம் முன்பு சொன்னவற்றினின்று பின்வாங்கவும் செய்தார். அது கண்டு நண்பர் சிலர் மனம் வருந்தினர். கால்களுக்கு வந்த வலுவை எல்லா நாளும் நாவிற்கும் வேண்டுவது அவர் நிலையில் இருந்தறியாதோர்க்கு எளிது.

சில ஆண்டுகளுக்குப் பின் பிராக் நகரில் விளையாட்டுத்துறை ஆவணங்களைப் பார்க்கும் சிறு பணி அவருக்குத் தரப்பட்டது. பல மொழிகளைத் தாமே கற்றிருந்த அவர், அயல்நாட்டு விளையாட்டு ஏடுகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். ஆட்சி மாறிய பின், 1990-இல், அரசு அவருடைய நற்பெயரை முறைப்படி மீட்டளித்தது.

எமில் ஜாட்டோபெக் 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், தம் 78-ஆம் வயதில், பிராக் நகரில் மறைந்தார். நாட்டின் தேசிய நாடக அரங்கில் இறுதி மரியாதை செய்யப்பட்டது. அலேன் மிமூன், ரான் கிளார்க் முதலிய பழைய போட்டியாளர்கள் உயிரோடு இருந்த காலம் அது. அவர் பிறந்த மொராவியாவின் மலைப்பகுதியில், ரோஜ்னோவ் என்னும் ஊரிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. 2020-இல் மறைந்த டானாவின் பெயரும் அவர் பெயரோடு ஆங்கு இடம்பெற்றது.